வரைகலை அறிஞர் மோஞ்சு

நெடிய சாலை ஒன்றின் நடுவே நின்று நோக்கினால், இருமருங்கும் உள்ள மரங்கள் போகப்போகச் சிறுத்து, சாலையின் இரு கரைகளும் தொலைவில் ஒரு புள்ளியிற் சென்று கூடுவதுபோலத் தோன்றும். உண்மையில் அவை கூடுவதில்லை. சாலையின் அகலம் எங்கும் ஒன்றே. கண்ணுக்குத் தோன்றும் இத்தோற்றத்தை அவ்வாறே எழுதிக் காட்டுபவன் ஓவியன். அவன் எழுதிய சாலை காண்பவர் உள்ளத்தைக் கவரும். ஆயினும், அதன் அகலம் யாது என்று அளவுகோலை வைத்து அளக்கப் புகுந்தால், ஓவியம் நேரே விடை கூறாது. வீடு கட்டும் கொத்தனுக்கும், பொறி செய்யும் கம்மியனுக்கும் வேண்டுவது தோற்றம் அன்று, அளவு. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகளையும் உடைய திண்பொருளை, நீள அகலங்களை மட்டுமே உடைய தட்டைத் தாளில், ஓரளவும் பிழைபடாமல் அமைப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு ஒழுங்குபட்ட விடை கண்டு, அதனைத் தனியொரு கலையாக வகுத்து உலகுக்கு வழங்கியவர் பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் காஸ்பார் மோஞ்சு ஆவார்.

இளமையும் கல்வியும்

பிரெஞ்சு நாட்டின் கீழ்ப்பகுதியில் உள்ள பர்கண்டி என்னும் நிலப்பகுதி கொடிமுந்திரித் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. அப்பகுதியைச் சார்ந்த போன் என்னும் ஊரில், 1746ஆம் ஆண்டு மே மாதத்தில் மோஞ்சு பிறந்தார். அவர்தம் தந்தையார் ஊர்தொறும் சென்று பொருள் விற்று வாழ்ந்த சிறு வணிகர், செல்வத்தில் எளியவர், ஆயினும் கல்வியின் அருமையை நன்கு அறிந்தவர். தமக்கு வாய்க்காத கல்வி தம் மைந்தர்க்கேனும் வாய்த்தல் வேண்டும் என்று கருதி, அவர்களை அவ்வூரில் துறவியர் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். மோஞ்சு அப்பள்ளியில் தலைமாணாக்கராய் விளங்கினார்.

பதினான்கு வயதிலேயே அவர் தீயணைக்கும் நீரிறைப்பொறி ஒன்றைத் தாமே செய்து முடித்தார் என்பர். வழிகாட்டுவாரும் மாதிரியும் இன்றி அதனை எவ்வாறு செய்தனை என்று வினவியவர்க்கு, எடுத்ததை விடாது முடிக்கும் உறுதியும், மனம் எண்ணியதை வழுவாது செய்யும் விரல்களுமே தமக்குத் துணையாயின என்று அவ்விளைஞர் விடை கூறினாராம். மனத்திற் கண்டதைக் கையாற் காட்டும் இந்த ஆற்றலே அவர் வாழ்நாள் முழுமைக்கும் முதலாக அமைந்தது.

1762ஆம் ஆண்டில் மேற்கல்வியின் பொருட்டு மோஞ்சு லியோன் நகருக்குச் சென்றார். மாணாக்கராகச் சென்றவரை, ஓராண்டுக்குள் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியராக அங்குள்ளோர் அமர்த்தினர். அப்போது அவருக்கு வயது பதினேழு.

1764ஆம் ஆண்டில் ஊர் திரும்பிய மோஞ்சு, தாம் பிறந்த போன் நகரத்தை அளந்து பெரியதொரு படம் வரைய முற்பட்டார். அளப்பதற்கு ஏற்ற கருவிகள் அவரிடம் இல்லை. அவற்றையும் தாமே செய்துகொண்டார். தெருத்தெருவாக நடந்தார், கோணங்களைக் குறித்தார், தொலைவுகளைக் கணக்கிட்டார். ஊரின் படம் வரைவது ஓவியம் எழுதுவதினின்றும் வேறுபட்டது. மாடத்தின் உயரமும், கோபுரத்தின் எழிலும், வாயிலின் வளைவும் அதில் இடம்பெறா. நேர் மேலிருந்து நோக்கினாற் போல, ஒவ்வொரு கட்டடமும் நிலத்தில் பற்றியுள்ள இடம் மட்டுமே கோடுகளாய் அமையும். கண் விரும்பும் தோற்றத்தைத் துறந்து, கை வேண்டும் அளவைப் பேணும் தட்டைப் படம் அது. அப்படத்தின் திருத்தத்தைக் கண்டு வியந்த படைப்பொறியாளர் ஒருவர், மெசியேர் என்னும் ஊரில் இருந்த அரசாங்கப் பொறியியற் பள்ளிக்கு மோஞ்சை அனுப்பிவைக்குமாறு பரிந்துரைத்தார்.

சாந்து குழைக்கும் கூடம்

மெசியேர்ப் பள்ளி 1748ஆம் ஆண்டில் தோன்றியது. கோட்டை கட்டும் படைத்தலைவர்களைப் பயிற்றுவிப்பதில் ஐரோப்பா எங்கும் அது புகழ்பெற்றிருந்தது. அப்பள்ளியிற் சேர்ந்து படைத்தலைவராதற்கு அறிவு மட்டும் போதாது. உயர்குடிப் பிறப்பும் வேண்டும். அதற்குச் சான்று காட்ட இயலாதவர்க்குப் பள்ளியின் முதற்பகுதி அடைபட்ட கதவாகவே இருந்தது. ஊர்தோறும் பொருள் விற்றவரின் மைந்தருக்கு அதன் துணைப்பகுதியிலேயே இடம் கிடைத்தது. படம் வரைவோரும், கல்தச்சரும், கட்டடப் பணியை மேற்பார்ப்போரும் பயிலும் இடம் அது. அங்குப் பயில்வோர் சுண்ணச் சாந்தினால் மாதிரி உருக்கள் சமைத்துக் கல்வெட்டும் முறைகளைக் கற்றனர். ஆதலின் முதற்பகுதியினர் அவ்விடத்தைச் சாந்து குழைக்கும் கூடம் என்று எள்ளி நகையாடினர்.

தம் படங்களை அனைவரும் புகழ்வதும், தம் அறிவை எவரும் கேளாதிருப்பதும் மோஞ்சின் உள்ளத்தை வருத்தின. வரைந்த படங்களைக் கிழித்தெறியவும் சிற்சில வேளைகளில் அவருக்குத் தோன்றியதுண்டு. ஆயினும் அவர் பணியைக் கைவிட்டாரல்லர். கோலும் கவராயமும் ஏந்திய கை ஓயாது உழைத்தது. சாந்து உருவையும், அதனைக் காட்டும் தாளையும் நாள்தோறும் ஒருங்கே நோக்கி வந்தமையால், திண்பொருளுக்கும் தட்டைப் படத்திற்கும் உள்ள உறவு அவர் உள்ளத்தில் தெளிவுற்றது. பிறர் இழிவென்று கருதிய இடமே அவருக்குக் கலைக்கூடமாயிற்று.

கோட்டைக் கணக்கு

ஓராண்டு கழிந்தபின் மோஞ்சின் திறமை வெளிப்படுதற்கு வாய்ப்பு ஒன்று வந்தது. கோட்டை ஒன்றை அமைக்கும்போது, அதன் மதிலை எத்துணை உயரமாக எழுப்புதல் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். சுற்றிலும் குன்றுகள் இருக்கும். அக்குன்றுகளின் மீது பகைவன் பீரங்கியுடன் ஏறினாலும், கோட்டைக்குள் இருப்போர் அவன் பார்வைக்கும் குண்டுக்கும் இலக்காகாதவாறு மதில் மறைத்தல் வேண்டும். மதில் தாழ்ந்தால் உள்ளிருப்போர் உயிரிழப்பர். வேண்டா அளவு உயர்ந்தால் கல்லும் பொருளும் வீணாகும். குன்றுகள் பலவாகவும், அவற்றின் உயரங்கள் வேறாகவும் இருப்பதால், ஒவ்வொன்றிலிருந்தும் வரும் பார்வைக் கோட்டைத் தனித்தனியே கணக்கிடவேண்டியிருந்தது. அக்கணக்கு நீண்டது, முடிவற்றதுபோலக் களைப்பூட்டுவது.

அப்பணி மோஞ்சிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் எண்களை அடுக்கிக் கணக்கிடவில்லை. நிலத்தின் மேடுபள்ளங்களைப் படத்தில் அமைத்து, பார்வைக் கோடுகளையும் அவை அமைந்த தளங்களையும் தாளிலேயே வரைந்து, மதிலின் உயரத்தைக் கோட்டினாலேயே கண்டறிந்தார். முடிவை எடுத்துக்கொண்டு அவர் சென்றபோது, பள்ளித் தலைவர் அதனைப் பார்க்கவும் மறுத்துவிட்டார். இத்துணை விரைவில் எவராலும் அக்கணக்கை முடித்தல் இயலாது என்பது அவர் துணிபு. மோஞ்சு பின்வாங்கவில்லை. தாம் கையாண்டது பழைய கணக்குமுறை அன்றென்றும், முடிவை மறுக்குமுன் முறையை ஆராய்தல் வேண்டும் என்றும் பணிவுடன் வற்புறுத்தினார். ஆராய்ந்தவர்கள் அதில் பிழை காணவில்லை. முறை எளிது, முடிவு சரி. சாந்து குழைக்கும் கூடத்து இளைஞர் அன்றே ஆசிரியர் வரிசையில் வைத்து எண்ணப்படலானார்.

இரு தளங்கள்

மோஞ்சின் முறையை விளங்கிக்கொள்ளப் பெருங்கணிதம் வேண்டுவதில்லை. புத்தகம் ஒன்றைப் பாதி விரித்து, ஓர் ஏடு மேசையின்மேல் கிடக்கவும், மற்றோர் ஏடு அதற்குச் செங்குத்தாக நிற்கவும் பிடித்துக்கொள்க. இரண்டு ஏடுகளுக்கும் இடையே, காற்றில், ஒரு சிறு பெட்டி மிதப்பதாக எண்ணுக. பெட்டியின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கீழே கிடக்கும் ஏட்டிற்குச் செங்குத்தாகக் கோடு இறக்கி, அது தொடும் இடத்தைக் குறித்தால், பெட்டியின் தரைப்படம் கிடைக்கும். அதே மூலைகளிலிருந்து நிற்கும் ஏட்டிற்குச் செங்குத்தாகக் கோடு செலுத்தி, அது தொடும் இடத்தைக் குறித்தால், பெட்டியின் முகப்புப்படம் கிடைக்கும். இவ்வாறு தளத்தில் விழும் குறியை வீழல் என்பர். இனி, நிற்கும் ஏட்டைப் பின்னே சாய்த்துப் புத்தகத்தை முழுதும் விரித்துவிடுக. இரண்டு படங்களும் ஒரே தட்டைத் தாளில் அமைந்துவிடும். இரண்டு ஏடுகளும் கூடும் மடிப்பு, படங்கள் இரண்டையும் பிரிக்கும் கோடாக நடுவே நிற்கும்.

தரைப்படம் பொருளின் நீளத்தையும் அகலத்தையும் கூறும், உயரத்தைக் கூறாது. முகப்புப்படம் நீளத்தையும் உயரத்தையும் கூறும், அகலத்தைக் கூறாது. ஒவ்வொன்றும் தனித்து நின்றால் குறையுடையது. இரண்டும் கூடினால் மூன்று அளவுகளும் நிறைவுறும். நீளம் இரண்டிற்கும் பொதுவாதலின், ஒரு புள்ளியின் இரு வீழல்களும் மடிப்புக்குச் செங்குத்தான ஒரே கோட்டில் அமையும். அக்கோட்டினால் தரைப்படத்தையும் முகப்புப்படத்தையும் பொருத்திப் படிக்கவேண்டும்.

சாய்ந்து கிடக்கும் பொருளின் உண்மை நீளத்தைக் காண்பதும் இம்முறையால் எளிதாகிறது. கூரையின் கைமரம் ஒன்று தரைப்படத்தில் 4 அடி நீளமாகத் தோன்றுகிறது. முகப்புப்படத்தைக் கொண்டு பார்த்தால் அதன் ஒரு முனை மற்றொரு முனையைவிட 3 அடி உயர்ந்துள்ளது. கைமரத்தின் உண்மை நீளம் 4 அடியும் அன்று. 3 அடியும் அன்று. 4 அடியை ஒரு பக்கமாகவும் 3 அடியை மற்றொரு பக்கமாகவும் கொண்டு செங்கோண முக்கோணம் ஒன்றை வரைந்தால், அதன் சாய்ந்த பக்கம் 5 அடியாகும். அதுவே கைமரத்தின் நீளம். தச்சன் மரத்தை வெட்டுமுன்பே தாள் அவனுக்கு அதனைக் கூறிவிடுகிறது.

மோஞ்சுக்கு முன்னரும் தரைப்படமும் முகப்புப்படமும் வழங்கிவந்தன. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1525ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் அவை உள்ளன. கல்தச்சரும் மரத்தச்சரும் தத்தம் தொழிலுக்கு ஏற்ற முறைகளை வழிவழியாகப் போற்றிவந்தனர். ஆயின் அவை கல்லுக்கு ஒன்றும் மரத்திற்கு ஒன்றுமாகச் சிதறிக் கிடந்தன. எப்பொருளுக்கும் எத்தொழிலுக்கும் பொருந்தும் ஒரே நெறியாக அவற்றைத் தொகுத்து, காரணம் காட்டி நிறுவியதே மோஞ்சின் தனிப்பெருமை. அக்கலைக்கு விளக்க வடிவ கணிதம் என்பது பெயர்.

குடத்துள் இட்ட விளக்கு

1769ஆம் ஆண்டில் மோஞ்சு அப்பள்ளியின் கணிதப் பேராசிரியரானார். பின்னர் இயற்பியல் கற்பிக்கும் பொறுப்பும் அவரைச் சார்ந்தது. எந்தப் பள்ளி அவரை மாணாக்கராக ஏற்க மறுத்ததோ, அந்தப் பள்ளியின் உயர்குடி இளைஞர்கள் அவர் முன்னிலையில் அமர்ந்து பாடம் கேட்டனர். பிற்காலத்தில் பிரெஞ்சுப் படைகளை ஒழுங்குசெய்து புகழ்பெற்ற லாசார் கார்னோ அவருள் ஒருவர்.

மோஞ்சு பாடம் சொல்லும் முறை தனிச்சிறப்பு வாய்ந்தது. கேட்போர் கண்முன் இல்லாத உருவத்தை அவர்தம் கைகள் காற்றில் வரைந்து காட்டும். இரண்டு உருளைகள் ஒன்றையொன்று ஊடுருவுவதையும், கூம்பைத் தளம் ஒன்று வெட்டுவதையும் விரல்களின் அசைவினாலேயே விளங்க வைப்பார். தொடக்கத்தில் மாணாக்கர் பலர்க்கும் இக்கலை கடினமாகத் தோன்றுவது இயல்பு. பெட்டியை வரைக என்றால், கண்ணுக்குத் தோன்றும் பெட்டியையே கை வரைய முற்படும். அப்பழக்கத்தை விடுத்து, ஒரு முகத்தை மட்டும் தட்டையாக வரைந்து, மறைந்தவற்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுதல் வேண்டும். அதற்குக் கைப்பயிற்சியோடு மனப்பயிற்சியும் இன்றியமையாதது.

இத்துணைச் சிறந்த கலை மெசியேர்ச் சுவர்களைக் கடந்து வெளிவரவில்லை. கோட்டை கட்டும் நுட்பம் பகைவர் கையிற் சிக்கலாகாது என்று கருதிய அதிகாரிகள், அதனைப் படைமறையாகப் போற்றினர். தாம் கண்ட உண்மையை நூலாக எழுதி வெளியிடும் உரிமை அதனைக் கண்டவருக்கே இல்லாதொழிந்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அக்கலை குடத்துள் இட்ட விளக்காய் எரிந்தது. கட்டடம் கட்டுவோரும் பொறி செய்வோரும் வெளியே இருளில் தடுமாறிக்கொண்டிருந்தனர்.

இதற்கிடையே மோஞ்சின் புகழ் பிற துறைகளில் பரவியது. வளைபரப்புக்களைப் பற்றி அவர் எழுதிய கணித ஆராய்ச்சிகள் அறிஞரால் போற்றப்பட்டன. 1780ஆம் ஆண்டில் பாரிஸ் அறிவியற் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1783ஆம் ஆண்டில் கப்பற்படை மாணாக்கர்க்குத் தேர்வு நடத்தும் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டில் மெசியேரை விட்டு நீங்கினார்.

புரட்சியும் பொதுக்கல்வியும்

1789ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் முறையின் கொடுமையை இளமையிலேயே நுகர்ந்தவராதலின், மோஞ்சு புரட்சியை மனமுவந்து வரவேற்றார். 1792ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கப்பற்படை அமைச்சராக அமர்ந்து, அடுத்த ஆண்டு ஏப்பிரலில் அப்பதவியினின்றும் நீங்கினார்.

அப்போது பிரெஞ்சு நாட்டை அண்டை நாடுகள் பல சூழ்ந்து போரிட்டன. பீரங்கியும் வெடிமருந்தும் போதவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த செம்பும் எஃகும் வெடியுப்பும் நின்றுபோயின. ஆலயமணிகளை உருக்கிப் பீரங்கி வார்த்தனர். வீடுகளின் நிலவறைகளில் மண்ணைச் சுரண்டி வெடியுப்பு எடுத்தனர். இப்பணிகளைப் பகலும் இரவும் மேற்பார்த்தவருள் மோஞ்சும் ஒருவர். பீரங்கி வார்க்கும் முறையை விளக்கி 1794ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் பட்டறைகளுக்கு வழங்கப்பட்டது. அளவுடன் அமைந்த வரைபடங்கள் அந்நூலில் நிறைந்திருந்தன. பீரங்கி வார்த்தறியாத கொல்லரும் அப்படங்களை நோக்கி அச்சுக்களைச் செய்யக் கற்றனர். சொல்லால் விளக்க முடியாததைக் கோடு விளக்கியது.

தட்டைப் படத்தைப் படிக்கும் அறிவு ஒரு சிலர்க்கு உரிய மறையாக இருத்தல் நாட்டிற்குக் கேடு என்னும் உண்மையை அந்நாட்கள் உணர்த்தின. படம் வரைபவர் ஓரிடத்திலும், பொருள் செய்பவர் வேறிடத்திலும் இருப்பர். இருவர்க்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டும். அம்மொழி வரைபடமே. எழுத்தறிவைப் போலவே அதுவும் யாவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்று மோஞ்சு வாதாடினார்.

காலம் கனிந்தது. 1795ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், நாடெங்குமுள்ள பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி ஒன்று பாரிஸில் தொடங்கப்பெற்றது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கூடியிருந்த அவையில் மோஞ்சு எழுந்து நின்று, அதுகாறும் மறைக்கப்பட்டிருந்த கலையை வெளிப்படையாகக் கற்பித்தார். அவர் சொற்களை விரைந்தெழுதுவோர் அவ்வப்போதே எழுதிக்கொண்டனர். அவ்விரிவுரைகள் 1799ஆம் ஆண்டில் தனிநூலாக வெளிவந்தன. குடத்துள் இட்ட விளக்கு குன்றின்மேல் ஏறியது.

1794ஆம் ஆண்டில் தோன்றி, மறு ஆண்டில் பாலிடெக்னிக் பள்ளி எனப் பெயர்பெற்ற பெருங்கல்விக்கூடத்தை நிறுவியவருள்ளும் மோஞ்சு முதன்மையானவர். அப்பள்ளியிற் சேர்தற்குப் பிறப்புச் சான்று கேட்கப்படவில்லை. தேர்வில் பெற்ற தகுதியே சான்றாயிற்று. முதலாண்டில் ஏறத்தாழ 400 மாணாக்கர் சேர்ந்தனர். விரிவுரை கேட்பதோடு கல்வி முடிந்துவிடவில்லை. மாணாக்கர் சிறுசிறு குழுவினராய்ப் பிரிந்து, வரைகூடங்களில் அமர்ந்து, கேட்டவற்றைத் தம் கையால் வரைந்து பார்த்தனர். மோஞ்சு மேசைதோறும் சென்று பிழை திருத்துவார். பிற்காலத்தில் அப்பள்ளியில் கட்டணம் விதிக்கப்பட்டபோது, ஏழை மாணாக்கர் படிப்பைக் கைவிடாதவாறு தம் ஊதியத்தை அவர்க்கு உதவினார்.

கானல் நீர்

1796ஆம் ஆண்டில் மோஞ்சு இத்தாலி நாட்டிற்கு அனுப்பப்பட்டார். வென்ற நாட்டின் ஓவியங்களையும் சிற்பங்களையும் தேர்ந்து பாரிஸுக்கு அனுப்பும் பணி அவருக்கு வாய்த்தது. அஃது அவர் புகழுக்கு அணிசெய்யாத பணியே ஆகும். அங்குத்தான் நெப்போலியனுடைய நட்பு அவருக்குக் கிடைத்தது. 1798ஆம் ஆண்டில் நெப்போலியன் எகிப்து நாட்டின்மீது படையெடுத்தபோது மோஞ்சும் உடன்சென்றார். கெய்ரோ நகரில் அமைத்த அறிவியற் கழகத்திற்கு அவரே தலைவரானார்.

பாலைவனத்தில் நடந்த படைவீரர் நாவறண்டு வருந்தினர். தொலைவில் பரந்த ஏரியும், அதில் தலைகீழாக நிழலிடும் ஊர்களும் தோன்றும். ஆவலோடு விரைந்தால், ஏரி அவர்க்கு முன்னே விலகிச் செல்லும். இத்தோற்றத்தின் காரணத்தை மோஞ்சு ஆராய்ந்தார். சுடுமணலை ஒட்டிய காற்று மிக வெம்மையுற்று இலேசாகின்றது. அதன் வழியே வரும் ஒளி நேரே செல்லாமல் திரும்புகின்றது. ஆகவே வானத்தின் சாயலே நிலத்தில் நீர்போலத் தோன்றுகின்றது என்று விளக்கினார். கண்ணின் தோற்றத்திற்கும் பொருளின் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டைத் தாளில் ஆராய்ந்தவர், பாலைவனத்திலும் அதனையே ஆராய்ந்தார்.

இறுதி நாட்கள்

நெப்போலியன் பேரரசனானபின் மோஞ்சுக்குப் பெரும்பதவிகளும், 1808ஆம் ஆண்டில் கோமகன் என்னும் பட்டமும் கிடைத்தன. பிறப்பினால் வரும் உயர்வை எதிர்த்தவர் பட்டம் பெற்றதைக் குறைகூறியவரும் உண்டு. ஆயினும் நண்பன் உயர்ந்தபோது உடனிருந்தது போலவே, அவன் வீழ்ந்தபோதும் மோஞ்சு விலகவில்லை. 1815ஆம் ஆண்டில் நெப்போலியன் தோல்வியுற்றான். மன்னராட்சி மீண்டது. 1816ஆம் ஆண்டில் அறிஞர் கழகத்தினின்றும் மோஞ்சின் பெயர் நீக்கப்பட்டது. உடலும் உள்ளமும் நலிந்த அப்பேரறிஞர், 1818ஆம் ஆண்டு சூலை 28ஆம் நாள் பாரிஸில் உயிர்நீத்தார்.

பாலிடெக்னிக் மாணாக்கர் தம் ஆசிரியரின் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ள இசைவு வேண்டினர். அரசாங்கம் மறுத்தது. மாணாக்கர் ஆணையை மீறவில்லை. ஆசிரியரை மறக்கவும் இல்லை. வெளியே செல்ல இசைவு கிடைத்த நாளில், அனைவரும் ஒன்றுகூடி அவர் அடக்கம் செய்யப்பெற்ற இடத்திற்குச் சென்று, அமைதியாக மரியாதை செலுத்தித் திரும்பினர். அரசன் தந்த பட்டத்தினும் அவ்வன்பே உயர்ந்தது.

மூன்று முகம் காட்டும் படம்

மோஞ்சு ஏற்றிய விளக்கினின்றும் நாடுதோறும் ஒளி பரவியது. பாலிடெக்னிக் பள்ளியில் பயின்ற குளோட் குரோசே என்பவர் அமெரிக்காவுக்குச் சென்று, வெஸ்ட்பாயிண்ட் படைப்பள்ளியில் இக்கலையைக் கற்பித்தார். ஆயினும் தட்டைப் படங்களுக்கு ஒரு குறையுண்டு. தரைப்படத்தையும் முகப்புப்படத்தையும் மனத்திற் பொருத்தி முழு உருவத்தைக் காண்பதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாதார் வெறுங்கோடுகளையே காண்பர்.

இக்குறையை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் தம் வகுப்பறையில் உணர்ந்தார். அவர் பல்வகைப் பொறிகளின் மாதிரிகளைக் காட்டிப் பாடம் சொல்பவர். சக்கரம், அச்சு, சட்டம் முதலிய உறுப்புக்களைப் பூட்டி ஒரு நாள் ஒரு பொறியை அமைப்பார். மறுநாள் அவற்றையே பிரித்து வேறொரு பொறியாகப் பூட்டுவார். பூட்டுகின்ற உதவியாளர்க்கு எந்த உறுப்பு எங்கே அமையும் என்பதை ஒரே படத்தால் காட்டவேண்டியிருந்தது. அதன்பொருட்டு அவர் வகுத்த முறையை 1822ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார்.

கனசதுரம் ஒன்றின் ஒரு மூலை கண்ணுக்கு நேரே வருமாறும், மூன்று முகங்களும் ஒத்த அளவில் தோன்றுமாறும் பிடித்து, மிகத் தொலைவினின்று நோக்குவதாகக் கொள்க. அதன் புறவரை ஒழுங்கான அறுகோணமாக அமையும். நடுமூலையினின்றும் மூன்று விளிம்புகள் 120 பாகைக்கு ஒன்றாகப் பிரியும். மூன்றும் ஒரே அளவாய்க் குறுகுவதால், நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். ஆகவே இதற்கு ஐசோமெட்ரிக் அல்லது சம அளவுப் படம் என்று பெயர். இதனை உள்ளிட்ட படவகை முழுவதையும் ஆக்ஸோனோமெட்ரிக் படங்கள் என்பர். இவற்றில் பொருளின் இணைகோடுகள் இணைகோடுகளாகவே இருக்கும். ஓவியத்திற் போல ஒரு புள்ளியில் கூடா. அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒரே அளவில் அமையும். முழு உருவமும் தோன்றும், அளவும் கெடாது.

இப்படத்திற்கும் எல்லை உண்டு. இதில் செங்கோணம் செங்கோணமாகத் தோன்றாது, வட்டம் நீள்வட்டமாகும். வெறும் கோடுகளை மட்டும் நோக்கினால், முன்னே துருத்தும் மூலையா, உள்ளே குழிந்த மூலையா என்னும் ஐயமும் எழும். ஆதலின் அளவை ஐயமறக் கூறுவதற்குத் தட்டைப் படங்களும், உருவை விரைந்து உணர்த்துதற்குச் சம அளவுப் படமும் இன்றும் ஒன்றுக்கொன்று துணையாய் வழங்குகின்றன. இரண்டிற்கும் அடிப்படை, பொருளினின்றும் ஒரே திசையிற் செல்லும் இணைகோடுகளால் தளத்தில் வீழல் காணும் நெறியேயாகும். தட்டைப் படத்தைக் கற்றவர்க்கே சம அளவுப் படம் முழுதும் வயமாகும்.

முடிவுரை

1989ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினர் மோஞ்சின் எச்சங்களைப் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்திற்கு எடுத்துச் சென்று சிறப்புச் செய்தனர். கழகத்தினின்றும் நீக்கப்பட்ட பெயரை நாடு தன் நெஞ்சில் மீண்டும் பொறித்தது. ஆயினும் அவருக்கு உரிய நினைவுச்சின்னம் அம்மண்டபம் மட்டும் அன்று. பாலமும் அணையும் கப்பலும் பொறியும் செயலில் உருவாகுமுன் தட்டையான படமாகவே பிறக்கின்றன. கணிப்பொறித் திரையில் வரைகின்ற இக்காலத்தும் அந்நெறி மாறவில்லை. எளிய குடியிற் பிறந்த ஓர் இளைஞர், பிறர் இகழ்ந்த கூடத்தில் இருந்துகொண்டு, கண் காண்பதினும் கருத்து காண்பது உண்மை என்று தேர்ந்தார். தேர்ந்த உண்மையைச் சிலர்க்கே உரியதாக வைத்திருந்த தடை நீங்கியவுடன், அதனை எல்லார்க்கும் வாரி வழங்கினார். கற்றலும், கற்றதை மறையாது பிறர்க்கு ஈதலும் ஆகிய இவ்விரண்டுமே மோஞ்சின் வாழ்வை அளக்கும் அளவுகோல்கள்.